வளைந்த முள்

கம்பெனி வேலையை விட்டுவிட்டு நானும் என் கணவரும் மாகறலில் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கத் தொடங்கிய முதல் வருடம் அது. ரோகுவும் கட்லாவும் விட்டிருந்தோம். தினமும் காலையில் கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து உருண்டையாகப் போடுவோம். மீன்கள் முண்டியடித்துத் தின்பதைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும்.

முதலில் பிடித்த மீன்களைக் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா ஒருவர், எங்கள் ரோகுவை அரிவாள்மணையில் வைத்ததும் ஒரு கணம் கையை நிறுத்தினார். வாங்க வந்தவர்கள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, நடுமுள்ளை எடுத்து விரலால் அழுத்திக் காட்டினார். ஒடிய வேண்டிய முள், ரப்பர் போல வளைந்தது.

"இன்னாம்மா தீனி போடுற? இம்மாம் பெரிய மீனுக்கு முள்ளு இப்டியா இருக்கும்?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "மீன் கெட்டுப்போச்சாக்கா?"

"கெடலமா, தாராளமா சாப்பிடலாம். ஆனா அதுக்கு எதுவோ பத்தாம இருக்குது. தெரிஞ்சவங்க யார்னா இருந்தா கேளு."

எலும்பு என்றால் கால்சியம்தானே என்று என் கணவர் குளத்தில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தோம். அடுத்து வலை வீசியபோது முதுகு கோணிய மீன்களும் வந்தன. அன்று நான் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் இரண்டு மீன்களை ஐஸில் வைத்து மீன்வளத் துறை அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த மேடம் மீனின் தலையைத் தடவிப் பார்த்தார், முள்ளை அழுத்திப் பார்த்தார், தீனி என்ன என்று கேட்டார். நான் சொல்லி முடித்ததும் சிரித்தார். ஆனால் அது என்னைச் சின்னதாக்கும் சிரிப்பாக இல்லை.

"கால்சியத்த மீனு தண்ணியில இருந்தே செவுள் வழியா எடுத்துக்கும்மா. பாஸ்பரஸ் அப்டி இல்ல, தீனியிலதான் வந்தாகணும். புண்ணாக்குலயும் தவுட்டுலயும் அது இருக்குது. ஆனா பெரும்பங்கு மீனுக்கு செரிக்காம அப்டியே வெளிய போயிடும்."

பாஸ்பேட் சேர்ந்த தாது உப்புக் கலவை ஒன்றை எழுதிக் கொடுத்து, எவ்வளவு தீனிக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

கோணிய மீன்கள் நிமிரவே இல்லை. ஆனால் அடுத்து விட்ட குஞ்சுகள் நேரான முதுகோடு வளர்ந்தன. அவற்றில் ஒரு நல்ல கட்லாவைத் தேர்ந்தெடுத்து மார்க்கெட் அக்காவிடம் நீட்டினேன். "இந்த மீனு வேணாம்" என்று அன்றைக்கு வாங்க வந்தவர்களிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் குளத்தையே விட்டுப் போயிருப்போம் என்றேன்.

"நாள்பூரா மீனு வெட்டுறவளுக்கு மீனையே குடுக்கிறியா? போம்மா, சூடா ஒரு காபி வாங்கிக்கினு வா" என்றார்.

வாங்கி வந்தேன். இரண்டு பேரும் குடித்தோம்.