முதுகு ஊசிக்கு வந்த ஆபத்து

மகளின் பிரசவ வலி குறைய முதுகில் ஊசி போட வந்த அந்த மயக்க மருந்து டாக்டரைத் திருத்தணியில் ஒரே முறைதான் பார்த்தேன். நெற்றியில் பட்டை விபூதி. யார் முகத்தையும் பார்க்காமல் ஊசியைப் பார்த்தே பேசினார்.

"வலி கொறையும், காலு மரத்துப்போவும், பிரஷர் இறங்கலாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுனா சாப்புடறீங்களா?"

"ஆங், தெனமும் சாப்புடறேங்க!" என்றேன், மகளை முந்திக்கொண்டு.

"அப்ப இந்த ஊசி போடக்கூடாது" என்று கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ டாக்டர், அது அவரு மாத்திரை!" என்று மகள் அலறினாள். "நைனா, நீ பேசாத! டாக்டர், இவரு வாய் மரத்துப்போவ ஊசி கீதா?"

"கீதும்மா. அப்பனுங்களுக்குப் போட்டா வேலை செய்யறதில்ல."

பேத்திக்குப் பல்லே முளைத்துவிட்டது. அவர் சொன்னது வைத்தியமா, கிண்டலா என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.