குறைஞ்ச செலவில் தேனிலவு: மரக்காணத்தில் விசாரிக்கவும்

ஊரையெல்லாம் வண்டியேற்றி அனுப்புகிறவள் கடையை விட்டு நகர முடியாது என்பதுதான் டிராவல் ஏஜென்ட் தொழிலின் முதல் பாடம். மண்டபம், நகை, பிரியாணி எல்லாம் போக மிஞ்சியதுதான் தேனிலவுக்கு வரும் என்பது இரண்டாவது பாடம். சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை டூர் பிளான் போட்டவர்களுக்குக்கூட என் பாடு புரியும். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஆரம்பித்தபோது, “உப்பளத்து ஊர்ல ஹனிமூனுக்கு யார் வரப் போறாங்க?” என்று சிரித்தார்கள். வந்தார்கள்.

கடல் வேணாம்

மீனவர் குப்பத்திலிருந்து முருகனும் அவன் புதுப் பெண்டாட்டி தேவியும் வந்தார்கள். முருகன் பத்தாவது முடிக்கும் முன்பே கடலுக்குப் போனவன். “கோவா போடுங்க அக்கா, பசங்க எல்லாம் அதான் சொல்றாங்க” என்றான். தேவி தலையைக் குனிந்தபடியே, “வூட்டு வாசல்ல கடல், சமையல்ல கடல், இவரு சட்டையில கடல். அங்க போயும் கடலா?” என்று கேட்டாள். முருகனுக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது.

ஏற்காடு போகச் சொன்னேன். விழுப்புரம் போய் சேலத்துக்கு பஸ், அங்கிருந்து மலைக்கு பஸ். சனி, ஞாயிறு வேண்டாம், திங்கட்கிழமை போனால் ரூம் பாதி விலை என்று சொல்லி, ஜன்னலைத் திறந்தால் மரம் தெரிகிற ரூமாகப் பார்த்துப் போட்டேன். அவர்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் முருகனிடமிருந்து போன். குரலே சரியில்லை. ஏதோ சண்டை என்று நினைத்துவிட்டேன். விஷயம் கொண்டை ஊசி வளைவு. “அக்கா, புயல்லகூட போட்ல வாந்தி எடுக்காதவன், உங்க பஸ்ல மூணு தடவ எடுத்துட்டேன். ஆனா வழி பூரா அவதான் தலைய மடியில வெச்சிப் புடிச்சிக்கிட்டு வந்தா. வரும்போதும் அதே பஸ்ஸே போடுங்க.”

பக்கத்து ஊர்

கிளியனூர் மணிகண்டனுக்கு லீவும் குறைவு, கையில் காசும் குறைவு. அவன் மனைவி அதுவரை ஓட்டலில் தங்கியதே இல்லையாம். அதனால் பாண்டிச்சேரியிலேயே பழைய தெரு ஒன்றில், காலை டிபனோடு நல்ல ரூம் ஒன்று பிடித்துக் கொடுத்தேன். வீட்டிலிருந்து அரை மணி நேரம். பஸ் டிக்கெட்டோடு பயணச் செலவு முடிந்தது.

அவன் செய்த ஒரே தப்பு, ரூமை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டது. மறுநாள் மத்தியானம் அத்தை, சித்தப்பா, மச்சான் எல்லாரும் தூக்குச்சட்டியில் கறிக்குழம்போடு வந்து இறங்கிவிட்டார்கள். கட்டிலில் நாலு பேர், தரையில் ஆறு பேர், சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஒரு தூக்கமும் போட்டார்கள். திரும்பி வந்தவன் நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தான். “மேடம், அடுத்த வருஷத்துக்கு இப்பவே சொல்லிட்டேன், அந்தமான். அங்க நமக்கு சொந்தக்காரங்க யாரும் இல்ல, நல்லா விசாரிச்சிட்டேன்.”

நிழல்

ஏழுமலையும் செல்வியும் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். மூத்த மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கல்யாணமான புதிதில் எங்கேயும் போக முடியவில்லை, இப்போது போகலாமா என்று கூச்சத்தோடு கேட்டார்கள். ஏதோ தப்புக் காரியம் செய்கிற மாதிரி ஏழுமலை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீரில் கிடக்கும். அவர்களுக்கு வேலை இருக்காது. மழை விட்டு, பள்ளிக்கூட லீவு விடுவதற்கு முன்னால் ஒரு இடைவெளி வரும். டூர் போகிறவர்கள் யாரும் அப்போது கிளம்ப மாட்டார்கள். ரூம் வாடகை தரையில் கிடக்கும். என் கடைக்கு அன்றைக்குத்தான் ஒரு சூத்திரம் கிடைத்தது: எங்க ஊர் ஜனங்களுக்கு ஓய்வு கிடைக்கிற நாளும் ஊர் உலகத்தில் விலை இறங்குகிற நாளும் ஒன்று! என்ன மாதிரி இடம் வேணும் என்று கேட்டதற்கு செல்வி சொன்னது, “நிழல் இருக்கிற ஊரா பாருங்க மேடம்.”

வயநாட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டில் இடம் பிடித்தேன். போன இரண்டாம் நாள் அந்த வீட்டு உரிமையாளரே கூப்பிட்டார். அருவிக்கு ஜீப் ரெடி, வர மாட்டேன் என்கிறார்கள். பலாமரத்தடியில் பாய் போட்டுப் படுத்தே கிடக்கிறார்கள். ஏதாவது மனக்கஷ்டமா என்றார். பதறிப் போய்ப் போனை செல்வியிடம் கொடுக்கச் சொன்னேன். “ஒரு கஷ்டமும் இல்ல மேடம். பகல்ல கண்ணு கூசாம வானத்தப் பாத்து எத்தினி வருஷம் ஆச்சு! நாங்க சுத்திப் பாக்கவா வந்தோம்?”

கொச்சி வழியாக

கோட்டக்குப்பம் இம்ரானுக்கு துபாயில் வேலை. கல்யாணம் முடிந்து, ஊட்டிக்கு எல்லாம் போட்டு வைத்திருந்தோம். கிளம்புகிற நேரத்தில் கம்பெனியிலிருந்து போன்: லீவு ரத்து, இந்த வாரமே வரணும். புதுப்பெண் ஷாஹிதா என் கடை நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். இனி அவன் எப்போது வருவானோ! இம்ரான் என்னிடம், “கேன்சல் பண்ணிடுங்க அக்கா” என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “கம்பெனி எப்படியும் புது டிக்கெட்தானே போடணும்? சென்னைக்குப் பதிலா கொச்சியிலேர்ந்து போடச் சொல்லுங்க தம்பி. ரெண்டு பேரும் இன்னிக்கே ரயில் ஏறுங்க. இருக்கிற நாள அங்க இருங்க. அங்கேருந்தே நீங்க பறந்துடுங்க” என்றேன். அவன் என் கடையிலிருந்தே துபாய்க்குப் பேசினான். சரி என்று பதில் வந்தபோது ஷாஹிதா துப்பட்டாவை விலக்கினாள். ஊட்டி ரூம் பணத்தைக் கெஞ்சித் திரும்ப வாங்கி, ஃபோர்ட் கொச்சியில் ஒரு சின்ன வீட்டு மாடியைப் பிடித்தேன்.

அப்புறம்தான் நிஜமான சிக்கல். திரும்பி வரும்போது பெண் தனியாக எப்படி வருவாள்? போகவே வேணாம் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். இம்ரானின் அம்மா கடைக்கே வந்துவிட்டார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் மெதுவாக, “கடைசி நாளு ஏர்போர்ட்டுக்கு நான் போறேன். என் தம்பி துணைக்கு வருவான். மகன வழியனுப்பிட்டு மருமகள கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் அவங்கள யாரும் தொல்ல பண்ணக் கூடாது. எங்க வூட்டுக்காரரும் சவூதியிலயேதான் இருந்தாரு. எனக்கு இப்படி யாரும் பிளான் போட்டுத் தரலம்மா” என்றார். உட்கார்ந்து முதல் வேலையாக அவருக்கும் அவர் தம்பிக்கும் டிக்கெட் அடித்தேன்.

ஊர் திரும்பியதும் மாமியாரும் மருமகளும் நேந்திரம் சிப்ஸோடு கடைக்கு வந்தார்கள். ஷாஹிதாவின் கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. எப்படி இருந்தது பயணம் என்று கேட்டேன். மாமியார்தான் முந்திக்கொண்டார். “ஏர்போர்ட்டுலேர்ந்து ஸ்டேஷன் வரைக்கும் ரெண்டு பேரும் அழுதோம். பாலக்காடு வந்ததும் ரெண்டு பேரும் ஜன்னல விட்டு நகரல. அடுத்து மைசூர் போடும்மா, இவளும் நானும் மட்டும்!”

எங்க பக்கத்தில் இப்போது கல்யாணப் பத்திரிகை அடித்ததும் சாமிக்கு ஒன்று, தாய்மாமனுக்கு ஒன்று, அடுத்தது என் கடைக்கு என்று ஆகிவிட்டது. முகூர்த்த நாளில் கடையைச் சாத்த முடியாததால் ஒரு பந்தியில்கூட நான் இன்னும் உட்கார்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.