அம்மாவின் ஜெபத்துக்கு வாசித்தவன்

வாரம் முழுக்க ஃப்ரிட்ஜ் மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜெபக்கூடத்தில் கீபோர்டு வாசிப்பவன். "ஊரு ஃப்ரிட்ஜையெல்லாம் குளிர வைக்கிற, உங்கம்மா வயித்த எப்பப்பா குளிர வைக்கப் போற?" என்று சித்தி கேட்காத ஞாயிறு இல்லை. நாற்பதைத் தொடப் போகிற மனிதன் அதற்கும் சிரித்து மழுப்புவான். வேறு என்ன செய்வது?

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். யார் எழுந்து ஜெபித்தாலும் அவர் குரலுக்கு அடியில் அவன் மெல்ல வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். இசை இருந்தால் கூச்சக்காரர்களுக்கும் வாய் திறக்கும். அம்மாவுக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. வாராவாரம் எழுந்துவிடுவாள். "ஆண்டவரே, எம் புள்ளைக்கு ஏத்த துணையக் குடுங்க." கூடமே ஆமென் என்னும். அதற்கும் அவன்தான் வாசித்தான். கொடுமை என்றால் இதுதான்.

துணை இல்லாமலா இருந்தான்? பஸ் ஓட்டுநர் ஒருவன் இருந்தான். அவன் வீட்டு ஃப்ரிட்ஜைப் பழுது பார்க்கப் போய்த் தொடங்கிய உறவு. அம்மாவைப் பொறுத்தவரை அவன் மகனின் கூட்டாளி, அவ்வளவுதான்.

"அந்தக் கூடத்த விட்டுத் தொலையேன். வேற ஊருக்குப் போயிடலாம்" என்பான் ஓட்டுநர்.

விட முடிந்தால்தானே. நம்பிக்கை இல்லாதவனாக இருந்தால் எப்போதோ பெட்டியைக் கட்டியிருப்பான். இவன் நம்பினான். என்னை மாற்று என்று முழங்கால் தேயக் கெஞ்சினான், பட்டினி கிடந்தான். பெல்ட்டில் ஓட்டை ஒன்று கூடியதுதான் மிச்சம்.

ஒரு ஞாயிறு, அம்மா பெண் வீட்டாரையே கூடத்துக்கு அழைத்து வந்துவிட்டாள். "எங் கண்ணீரப் பாத்துட்டீங்க ஆண்டவரே" என்று நன்றி சொல்ல ஆரம்பித்தாள். முன்வரிசையில் அந்தப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அவன் கைகள் கீபோர்டை விட்டு எழுந்துவிட்டன. இசை அறுந்தது. அம்மா பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, சமையலறையில் வைத்துச் சொன்னான். "அந்தப் பொண்ணு வேணாம்மா. எந்தப் பொண்ணும் வேணாம். பஸ் ஓட்டுறவன் எனக்கு வெறும் கூட்டாளி இல்ல."

அம்மா கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த வாரம் முழுக்க அவன் முகத்தைப் பார்க்காமல் சோறு வைத்தாள்.

அடுத்த ஞாயிறும் எழுந்து நின்றாள். அவன் வாசித்தான். சித்தியின் மூட்டுவலிக்காகக் கேட்டாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பரீட்சைக்காகக் கேட்டாள், உட்கார்ந்துவிட்டாள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நின்று தொலையாதா என்று அவன் ஏங்கிய ஜெபம்தான் அது. இப்போது நின்றேவிட்டது. பெற்றவள் வாயிலேயே இல்லாதவனுக்கு ஆண்டவரிடம் என்ன இடம் இருக்கும்?

எல்லோரும் போன பிறகு அவள் நாற்காலியருகே போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"எனக்காகவும் வேண்டிக்கம்மா."

"என்னன்னு வேண்டறது? நீயே சொல்லு. எனக்குத் தெரியல."

"நான் இங்கயே இருக்கணும்னு. அவனும் வேணும், நீயும் வேணும், இந்த எடமும் வேணும்மா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போ, போய் வாசி. நீ வாசிக்காம எனக்கு வராது."

போய் வாசித்தான். அம்மா எழுந்து நின்று கண்ணை மூடினாள். வெகுநேரம் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவன் நிறுத்தவில்லை.