இன்றே கடைசி நாள்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா, கல்லூரி விண்ணப்பம், ஜெராக்ஸ் என்று எல்லாம் பார்ப்பேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்வராயன்மலைக்காரர்கள். விண்ணப்பம் போடும்போது ஒரு போன் நம்பரும் ஒரு மெயிலும் கேட்கும். மலையில் சிக்னல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மெயிலுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? அதனால் என் நம்பரையும் கடை மெயிலையும் போட்டுவிடுவேன். பதில் வந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

அதற்காகவே மேஜையில் ஒரு நீள நோட்டு. பேர், ஊர், போன் நம்பர். அவர்களுடைய போனை வாங்கி, என் நம்பரைக் 'கம்ப்யூட்டர் அம்மா' என்று நானே பதிந்து கொடுப்பேன். வாட்ஸ்அப் வருவதற்கு முன்னால் வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புவேன். ஒரு சீட்டுகூடத் தவறிப் போனதில்லை. அந்த நோட்டைத்தான் நான் கெடுத்தேன்.

பழியைக் கொழுந்தனார் மேல் போடலாம். போட்டும் பார்த்தாயிற்று, தீரவில்லை. அவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். ஆன்லைனில் ஏதோ வகுப்பு படித்துவிட்டு, பொங்கலுக்கு வந்தவர் கடையில் வந்து உட்கார்ந்தார். அடுத்தவன் விற்கிற பொருளின் லிங்க்கை நாம் பரப்ப வேண்டும், அதைத் தொட்டு யாராவது வாங்கினால் நமக்குக் கமிஷன், அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பேர், என்றார்.

"இதுல லிஸ்ட்டுதான் அண்ணி எல்லாம். அவனவன் நம்பர் புடிக்க இன்னான்னவோ பண்ணிக்கினு இருக்கான். நீங்க நோட்டு நெறைய வச்சிக்கினு சும்மா குந்திக்கினு இருக்கீங்க."

"அது விண்ணப்பத்துக்குன்னு குடுத்த நம்பருப்பா. நம்மள நம்பிக் குடுத்தது."

"குடுத்தாங்க இல்ல? நீங்க ஒண்ணும் திருடலையே. புடிக்கலன்னா பிளாக் பண்ணிக்கினு போவட்டும்."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பிடிக்காமலேயே தலையை ஆட்டினேன். கடை வாடகை ஏறியிருந்தது, சந்தில் இன்னொரு சென்டரும் வந்துவிட்டது. மனசு இப்படிக் காரணம் தேடும்போது எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்.

அவர் சில வித்தைகள் சொல்லிக்கொடுத்தார். முதலில் எதையாவது இலவசம் என்று சொல்ல வேண்டும். அதைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும், அங்கே வீட்டில் இருக்கிற மற்றவர்களின் நம்பரையும் கேட்கும். மேலே 'அவசரம்! இன்றே கடைசி நாள்!' என்று போட வேண்டும். பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். அந்தக் கடிகாரத்தை நான் சோதித்துப் பார்த்தேன். மூடிவிட்டுத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. சிரிப்பு வந்தது. வெட்கங்கெட்ட சிரிப்பு, வேறென்ன சொல்வது?

நோட்டில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினேன். 'மாணவர்களுக்கு இலவச டேப்லெட். இன்றே கடைசி நாள்.' தொட்டால் ஏதோ ஆன்லைன் பயிற்சியின் விளம்பரம் வரும். டேப்லெட் குலுக்கலில் யாருக்கோ ஒருவருக்கு என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.

மதியம் ஒரு மலைக்காரர் கடைக்குள் நுழைந்தார். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், சாதிச் சான்றிதழ் நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். கையில் மஞ்சப் பை. அதிலிருந்து ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ், மகளின் போட்டோ இரண்டு என்று மேஜையில் வரிசையாக எடுத்து வைத்தார்.

"இன்னிக்குத்தான் கடைசின்னு போட்டிருந்தீங்களே. கெழங்கு புடுங்கிக்கினு இருந்தேன், அப்பிடியே வுட்டுட்டு வந்துட்டேன். நேரம் ஆயிடுச்சாம்மா?"

லிங்க்கைத் தொடாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். ஏன் வரமாட்டார்? அவருக்குத் தெரிந்த கடைசி நாளெல்லாம் நிஜமான கடைசி நாள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், ரேஷனுக்குக் கடைசி நாள். அதை அவருக்குப் பழக்கியதே நான்தான், "கடைசி நாள் தாண்டிட்டா கலெக்டரே வந்தாலும் ஆவாது" என்று.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "முடிஞ்சிடுச்சுங்கண்ணா, லேட்டா வந்துட்டீங்க" என்றேன். என் வாய் அவ்வளவு சுலபமாகச் சொன்னது. அவர் ஒவ்வொரு காகிதமாகத் திரும்பப் பைக்குள் வைத்தார். "என் தப்புதான், மொத பஸ்சுக்கே வந்திருக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. வாரத்துக்கு இரண்டு கடைசி நாள் அனுப்பினேன். அவர் இன்னொரு முறையும் வந்தார், இலவசத் தையல் மெஷின் என்று. அன்றைக்கும் ஏதோ சொல்லி அனுப்பினேன். வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் ஆயிரம் பேரைத் திட்டியிருக்கிறேன்.

மே மாதம் மகளோடு வந்து அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். தாவரவியல்தான் வேண்டும் என்று அந்தப் பெண் கறாராகச் சொன்னாள். "சீட்டு கெடைக்கலன்னா திருப்பூர் மில்லுக்கு அனுப்பிடுவாங்க அக்கா, எங்க ஊர்ப் பொண்ணுங்க பாதி அங்கதான்" என்றாள். நான் வழக்கம்போல என் நம்பரைப் போட்டேன். "பதில் வந்த நிமிஷம் உனக்குச் சொல்றேன்" என்றும் சொன்னேன்.

பதில் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். எனக்குக் கை கால் ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். உடனே வாட்ஸ்அப்பில் தட்டினேன். 'அவசரம். நாளைதான் கடைசி நாள். கல்லூரியில் கூப்பிட்டிருக்கிறார்கள்.' ஒரே ஒரு டிக் விழுந்தது. போன் செய்தேன், போகவில்லை.

மலைக்கு அனுப்பினால் ஒரு டிக்தான் விழும். எங்களுக்கு அது பழக்கம். ஊருக்கு மேலே இருக்கிற பாறைக்கு அவர்கள் ஏறினால்தான் சிக்னல் பிடிக்கும், சாயங்காலத்துக்குள் யாராவது ஏறுவார்கள், ரெண்டு டிக் ஆகிவிடும். அப்படித்தான் அன்றும் நினைத்தேன். நாலரை மணி பஸ் என் கடை வாசலைத் தாண்டித்தான் போனது. கண்டக்டர் கையைக்கூடக் காட்டினார். ஒரு துண்டுச்சீட்டு, அவ்வளவுதான். எழுதவில்லை. மறுநாள் மதியமும் ஒரே டிக்.

நாலு நாள் கழித்து அப்பாவும் மகளும் தாங்களாகவே விசாரிக்க வந்தார்கள். நான் எழுந்து நின்று கத்தினேன். ஆமாம், நான் கத்தினேன்! "மெசேஜைப் பாக்கவே இல்லியா? எத்தினி வாட்டி போன் பண்றது உங்களுக்கு?"

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்க நம்பர போன்லயும் வாட்ஸ்அப்லயும் நான்தான்க்கா பிளாக் பண்ணேன். கடைசி நாளுன்னு நீங்க போடறப்பல்லாம் அப்பா கூலிய வுட்டுட்டுக் கெளம்பிடுறாரு. பஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்க. நெசமான சேதின்னா கண்டக்டர்கிட்ட சீட்டு வரும்னு இருந்துட்டேன்."

பிளாக் செய்தாலும் ஒரு டிக். சிக்னல் இல்லாவிட்டாலும் ஒரு டிக். எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை.

அன்றைக்கே லிஸ்ட்டை அழித்தேன். கொழுந்தனாருக்குப் போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டேன். "எல்லாரும் பண்றதுதானே அண்ணி, ஒருத்தருக்கு இப்பிடி ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். வைத்துவிட்டேன். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற ஆள் நான், அவரைச் சொல்லி என்ன?

மூன்று வாரம் கழித்து, காலியிடம் இருக்கிறது, நாளை மாலைக்குள் வரலாம் என்று இன்னொரு தகவல் வந்தது. தாவரவியலிலும் இடம் இருந்தது. இந்த முறை போனையே எடுக்கவில்லை. சீட்டு எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கண்டக்டர் வாங்கிப் படித்தார்.

"கடைசி நாளுன்னு எழுதிக்கீதே. இது நெசமான கடைசி நாளுங்களா, இல்ல அந்த மாதிரிங்களா?"

முன் சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.

அந்த ஊருக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. அவர் களத்தில் மரவள்ளிக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, கட்டிலை எடுத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"பொண்ணு போன வாரந்தாம்மா திருப்பூர் போச்சு. இருங்க, போன் போட்டுச் சொல்லிடலாம். ராத்திரி பஸ் புடிச்சா காலைல வந்துடும்" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்தேன்.

இருவரும் பாறைமேல் ஏறினோம். மூச்சு வாங்கிக்கொண்டே நம்பரை அழுத்தி, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அவள் எடுத்தாள். பின்னால் மெஷின் சத்தம்.

"பாப்பா, சீட்டு கீதாம். நாளைக்கே வரணுமாம்."

"யாருப்பா சொன்னது?"

"கம்ப்யூட்டர் அம்மாதான். இங்கியே வந்திருக்காங்க."

நான் குனிந்து, போன் பக்கம் வாயை வைத்து, "பாப்பா, நெசமா சொல்றேன், நாளைதான் கடைசி நாள்" என்றேன். எனக்கு வேறு எந்த வார்த்தையும் வரவில்லை.

"வுடுப்பா. அந்தக்கா எப்பவும் அப்பிடித்தான் சொல்லும். லீவு போட்டா இங்க உள்ளயே சேத்துக்க மாட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் மறுபடியும் அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் அப்படியே. போனை மடியில் செருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"சிக்னல் இல்லம்மா. நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க."