மடியில் உட்கார்ந்தால் டிக்கெட் கிடையாது

மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தைய அந்த ஒரு வாரத்தில் நான் ஐந்து வீடுகளில் விருந்து சாப்பிட்டேன். அதில் இரண்டு வீட்டு விருந்தை அவர்கள் வாசலிலேயே வாந்தியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒன்பது வயது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறப்போகிற முதல் பெண்பிள்ளை நான்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காலையில் கீரை விற்க வருகிறவரை நிறுத்தி, அடுத்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டு முன்னால் கூவ வேண்டாம் என்று முறையாக அறிவித்தேன். அவர் ஒரு கட்டு அரைக்கீரையை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னைப்போல நீங்களும் ஏமாற வேண்டாம். மஸ்கட்டில் வெல்டராக இருந்த அப்பாவுக்கு மனைவியையும் ஒரு பிள்ளையையும் மட்டும் அழைத்துக்கொள்ளத்தான் கம்பெனியில் அனுமதி கிடைத்தது. தம்பிக்கு இரண்டு வயது, அம்மாவை விட்டு அரைப் பொழுது இருக்க மாட்டான். அதனால் நான் மேலநீலிதநல்லூரில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க அம்மா தம்பியை மட்டும் தூக்கிக்கொண்டு போனபோதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் நான் நன்றாக விழுந்திருக்கிறேன், அதில் வெட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். விஷயம் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கீரைக்காரருக்கும்.

யார் என்னிடம் சொல்வது என்பதில்தான் சிக்கல். பயணம் போகிற வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்துச் சட்டம். எனவே நல்ல இடமாக, நல்ல நேரமாகப் பார்த்து, பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்து, பொறுப்பை முதலில் மாமாவிடம் கொடுத்தார்கள். மாமா அம்மாவுக்குத் தம்பி. என்னை பஸ்ஸில் புளியங்குடிக்குக் கூட்டிப்போனார். எலுமிச்சை மார்க்கெட்டில் குவியல் குவியலாகக் கிடந்த பழங்களுக்கு நடுவே நிறுத்தி, சர்பத் வாங்கிக் கொடுத்து, தொண்டையைச் செருமினார். எலுமிச்சை விலை ஏறிவிட்டதாகச் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் இன்னும் மூன்று முறை செருமினார். மாமாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நான்தான் அம்மாவிடம் வந்து சொன்னேன். அவரோ, பாதி சொல்லியாயிற்று, மீதியை வேறு யாராவது சொல்லட்டும் என்றாராம்.

மீதி பெரியப்பாவுக்கு வந்தது. மறுநாள் குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் குலசாமி கோயிலில் தம்பிக்கு முடியிறக்கிக் காது குத்தினார்கள். வெளிநாடு போனால் எப்போது திரும்புவோமோ என்று அவசரமாக வைத்த விசேஷம். தம்பியின் அலறல் அடங்கிப் பந்தி போட்டதும் பெரியப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிடாக்கறியில் ஈரல் துண்டுகளாகப் பொறுக்கி என் இலையில் வைத்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் தொங்கிக் கிடந்தது. என்னைப் பிரியப்போகிற துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

“கவலப்படாதிய பெரியப்பா, மாசாமாசம் லெட்டர் போடுதேன்” என்றேன்.

பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

இதற்கிடையே நான் வள்ளலாகிவிட்டேன். மஸ்கட்டில் எல்லாம் புதிதாகக் கிடைக்கும் என்று சொல்லி, சொட்டாங்கல், ஸ்கிப்பிங் கயிறு, பூப்போட்ட ஜாமெண்ட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் தெருப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒருத்தி கையிலும் ஒன்றும் இல்லை. எல்லாம், வழியனுப்ப வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த பெரியம்மாவின் மஞ்சள் பையில் இருந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

“ஏட்டி, இதெல்லாம் ஒனக்கு வேணும்லா” என்றாள்.

“எனக்கு எதுக்கு? நாந்தான் பிளேன்ல போறேம்லா. குடுத்தத திருப்பிப் பிடுங்குத புத்தி ஒங்களுக்குத்தான் இருக்கு.”

பெரியம்மா அடிப்பாள் என்று ஒதுங்கி நின்றேன். அவள் பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மா பெரிய கஞ்சப்பிசினாறி என்று அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லி முடித்தேன். அடுத்த பதினோரு வருஷம் எனக்குச் சோறு போட்ட கை அது.

கடைசி நாள் வந்துவிட்டது. இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று அம்மா என்னை மட்டும் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் சக்கரக்குழி இருக்கிறது. மனசு கலங்கினவர்கள் அதில் உட்கார்ந்து எழுந்தால் தெளியும் என்பார்கள். அம்மா அதில் போய் உட்கார்ந்து கண்ணை மூடினாள். பின்னால் நாலு பேர் காத்து நிற்கிறார்கள், இவள் எழுந்திருக்கிற வழியாக இல்லை. நன்றாக இருக்கிற அம்மாவைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்கு மானம் போயிற்று.

“எம்மா, எந்திரி. எல்லாரும் பாக்காவ.”

எழுந்தாள். என் நெற்றியில் புற்றுமண்ணைப் பூசினாள். பிரகாரத்தில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து, என்னையும் உட்கார வைத்து, என் கை வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி விட்டாள்.

“ஏட்டி, ரெண்டு டிக்கெட்டுதான் வந்திருக்கு.”

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இதற்காகத்தானா ஒரு வாரமாகக் குடும்பமே செருமிக்கொண்டு அலைந்தது? புளியங்குடி வரை பஸ்ஸில் போய்வந்த அனுபவம் எனக்கு இருந்தது.

“இதுக்குப் போயி ஏம்மா மொகத்த தொங்கப் போட்டிருக்க? தம்பி சின்னப்பிள்ளதான. மடியில வச்சுக்கிட்டா டிக்கெட்டு கேக்க மாட்டாவ. கேட்டா ஒண்ணர வயசுன்னு சொல்லிருவோம்.”

அம்மா என்னையே பார்த்தாள். என்னை இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். ஒன்பது வயசுப் பெண், ஐந்து விருந்துக் கனம் வேறு. என் கால் இரண்டும் கல்தரையில் நீண்டு கிடந்தன. கூடப் படிக்கிறவள் யாராவது பார்த்துவிடப்போகிறாள் என்று நெளிந்தேன்.

“எம்மா, நான் தம்பியச் சொன்னேன்.”

“தெரியும் மக்கா” என்றாள். விடவில்லை.

நான் சொன்னது அம்மாவுக்குச் சரியாக விளங்கவில்லை என்று பட்டது. அதனால் இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னேன். மடியில் இருக்க வேண்டியது தம்பி. பக்கத்து சீட்டில், ஜன்னல் ஓரமாக, நான். ஒவ்வொன்றுக்கும் அம்மா என் தலைமேல் தாடையை வைத்தபடி தலையாட்டினாள். ஜன்னல் சீட் எனக்குத்தான் என்று கையில் அடித்து சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் நான் அவள் மடியை விட்டு இறங்கினேன்.