வியன்னாவில் ஒரு அசெம்பிளி பாயிண்ட்

எங்கள் கம்பெனி வாசலில், செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. நான்கு மூலைகளிலிருந்தும் அம்புகள் உள்நோக்கிப் பாய, நடுவே நாலைந்து வெள்ளைப் பொம்மைகள் கூடி நிற்கும். தீ விபத்து என்று சைரன் ஊதினால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து சேர வேண்டிய இடம். ஒரகடத்தில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இந்த அசெம்பிளி பாயிண்ட் பலகை இருக்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு முறை அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அதைப் பார்த்தால் எனக்கு லைன் லீடர் அக்காவின் முகம் தெரியும்.

கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சுற்றித் தரும் லைனில் அக்கா பத்தொன்பது வருடம் நின்றவர். வடக்குப்பட்டுக்காரர், பத்தாவது வரை படித்தவர், வாய் கொஞ்சம் நீளம். நான் படப்பையிலிருந்து வரும் டிப்ளமோக்காரி. சர்வீஸ் ஆறு வருடம், கர்வம் அதைவிட அதிகம். புதிதாக வரப்போகும் லைனுக்காக எங்கள் இருவரையும் வியன்னாவுக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பியதும் இருவரில் ஒருத்திக்குத்தான் சூப்பர்வைசர் பதவி. அது இருவருக்கும் தெரியும், இருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பயிற்சி முடிந்ததும் நான்கு நாள் லீவு போட்டு ஊர் சுற்றலாம் என்று ஒத்துக்கொண்டதுகூட, மற்றவள் முதலில் போய் மேனேஜரைப் பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

முதல் நாளுக்கு நான் அரைமணிக்கு ஒரு கட்டம் போட்டு அட்டவணை தயாரித்திருந்தேன். அரண்மனை, மியூசியம், மாடி பஸ், தேவாலயம். அக்கா அதைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார். “இன்னாம்மா இது? ஊரு சுத்த வந்தமா, புரொடக்‌ஷன் குடுக்க வந்தமா?” நான் அட்டவணையைத் திரும்ப வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். தரையில் சிவப்பாகப் பட்டை அடித்து ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. கம்பெனிக்குள் கோடு போட்ட பாதையை விட்டுக் கால் வெளியே போனால் மெமோ என்று பழகியவர்கள் நாங்கள். ஒருவர் பின் ஒருவராக, கோடு தாண்டாமல், அத்தனை ஒழுங்காக நடந்தோம். பின்னால் விடாமல் மணிச் சத்தம். அது சைக்கிள் போகும் பாதை என்று தெரிந்தபோது எங்கள் பின்னே ஏழெட்டு சைக்கிள்கள் தேங்கி நின்றன. ஒரு கிழவர் இறங்கி நின்று, கையை நீட்டி எங்களுக்கு நடைபாதையைக் காட்டினார். அக்கா அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர்தான், எனக்கும் தொற்றிக்கொண்டது. பயிற்சிக் காலம் முழுக்க நாங்கள் சேர்ந்து சிரித்ததே இல்லை.

அந்தப் பெஞ்சில்தான் ஒப்பந்தம் போட்டோம். காலை ஏ ஷிஃப்ட் என்னுடையது, அட்டவணைப்படி. மதியத்துக்கு மேல் பி ஷிஃப்ட் அக்காவுடையது, எந்தத் திட்டமும் கிடையாது. காலையில் அரண்மனையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ராஜா ராணி கதை கேட்டோம். மாடி பஸ்ஸில் வெயில் காய்ந்துகொண்டே கோபுரங்களைப் பார்த்தோம். மதியம் எதிரில் வரும் டிராமில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கி, அங்கே மனிதர்கள் காய்கறி வாங்குவதையும் நாயோடு பேசுவதையும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நாள் பகட்டான ஓட்டலில் போய் வெள்ளித் தட்டில் கேக் சாப்பிட்டோம். மறுநாள் பூங்காப் புல்லில் உட்கார்ந்து, அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலை ரொட்டியில் தடவித் தின்றோம். எது ருசி என்று கேட்டால் இரண்டும்தான்.

மூன்றாம் நாள் மதியம் டிராம் வந்தது. நான் முன்கதவில் ஒருவர் பின்னால் ஏறிவிட்டேன். அக்கா அடுத்த கதவு தானாகத் திறக்கும் என்று காத்து நின்றார். பொத்தானை அழுத்தினால்தான் அது திறக்கும். டிராம் கிளம்பிவிட்டது, கண்ணாடிக்கு வெளியே அக்கா சின்னதாகிக்கொண்டே போனார். அவர் போன் ஓட்டல் வைஃபையில் மட்டும்தான் உயிர் பெறும். அடுத்த நிறுத்தத்தில் குதித்துத் திரும்பி ஓடினேன். நிறுத்தத்தில் அவர் இல்லை.

அப்போது என் கையிலிருந்த போனில் மேனேஜருக்கு அனுப்ப வேண்டிய பயிற்சி அறிக்கை தயாராக இருந்தது. வயர்களில் சுற்றும் டேப் சுருளை முழங்கை உயரத்தில் தொங்கவிட்டால் கை குறுக்கே போகாது, வேலை விரைவாகும் என்று அக்கா பயிற்சியில் சொன்ன யோசனையை, ‘நான் கவனித்தது’ என்று எழுதி வைத்திருந்தேன். அந்த ஒரு வரி எனக்குப் பதவியை வாங்கித் தரும் என்று நம்பினேன். மொழி தெரியாத ஊரில் அவரைத் தொலைத்துவிட்டு நின்றபோது, அந்த வரியை நினைக்கவே வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. அக்கா என்ன செய்வார் என்று யோசித்தேன். ஒத்திகை சைரன் ஊதினால் முதலில் போய் நிற்பது அவர்தான். தலையைத் தூக்கிச் சுற்றிலும் பச்சை நிறத்தைத் தேடினேன். சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு பள்ளிக்கூடச் சுவர். அதில் அதே பலகை, அதே நான்கு அம்புகள். அதன் கீழே கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா.

“ஸ்டாப்பு எல்லாம் ஒரே மாரி கீது, நீ கொயம்பிட்டா இன்னா பண்றது? இது மட்டும் எந்த ஊருலயும் ஒரே அர்த்தம்தாம்மா,” என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அறிக்கை விஷயத்தைக் கொட்டிவிட்டேன். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, “தெரியும். நேத்து டிராம்ல உன் பக்கத்துலதான குந்திகினு இருந்தேன். நீ போன்ல எய்தினத படிச்சேன். என் மூக்குக் கண்ணாடி புதுசு,” என்றார்.

“தெரிஞ்சும் ஏன்கா கேக்கல?”

“கேட்டா மாத்திடுவ. கேக்காம மாத்துறியான்னு பாத்துகினு இருந்தேன்.”

அங்கேயே நின்று வரியைத் திருத்தி, அக்காவின் பெயரைப் போட்டு அனுப்பினேன். மிச்சமிருந்த ஒரு நாளில் ஷிஃப்ட் எதுவும் இல்லை. தோன்றிய இடத்தில் சுற்றினோம்.

பதவி அக்காவுக்குப் போனது. ஒரு வாரம் எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அவர் கீழேயே வேலை பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். போன வருடம் அவரைப் பென்னலூர் யூனிட்டுக்கு இன்சார்ஜாக மாற்றினார்கள். நேற்று வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அந்த யூனிட் வாசலில் இருக்கும் பச்சைப் பலகை. அதன் கீழே, நரை கூடிய தலையோடு, அதே கைப்பையோடு அக்கா. கூடவே ஒரு குரல் பதிவு.

“இங்க சூப்பர்வைசர் போஸ்ட்டு ஒண்ணு காலியா கீது. உன் பேரு சொல்லிகீறேன். டேப்பு விசயத்துல நீ திருத்தி எய்தின வரியையும் சொன்னேன், மொதல்ல எய்தினதையும் சேத்து. நான் இங்கதான் நின்னுகினு கீறேன், வந்து சேரு.”

இன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் வாசல் பலகைக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். விண்ணப்பம் என் பைக்குள் இருக்கிறது.