திருப்பிச் சொல்ல ஒருத்தி

எங்கள் வீட்டு வாசலில் கன்டெய்னர் லாரி நிற்காத நாள் குறைவு. திருவொற்றியூரில் எண்ணூர் சாலையை ஒட்டிய வீடு. துறைமுகத்துக்குள் நுழைய வரிசை போட்டு நிற்கும் லாரிகள், ஒன்று நகர்ந்தால் இன்னொன்று வந்து நிற்கும். காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால் நீலமோ சிவப்போ ஒரு பெட்டி கடலை மறைத்துக்கொண்டிருக்கும். அதன் பக்கவாட்டில் நாலு எழுத்து, ஆறு எண், கடைசியாகச் சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஓர் எண். என் வாய் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறேன். ஒன்றைப் படித்ததும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன். அந்த நிறுத்தம் என் நாத்தனாருக்கு உரியது.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், என் பெயரை நன்றாகவே எழுதுவேன். இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது கன்டெய்னர் யார்டு. காலிப் பெட்டிகளுக்குள் புகுந்து பெருக்கும் வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தேன். பெட்டி நம்பர் எழுதும் கிளார்க்குக்கு வெயில் ஆகாது. நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ப் பாத்துச் சொல்லும்மா" என்பார். முதலில் கூரை, வளையம், ஏணி என்று எழுத்தின் உருவத்தைக் கூவினேன், அவர் அதன் பெயரைச் சொன்னார். ஒரு மாதத்தில் பெயரையே கூவப் பழகிவிட்டேன். யார்டில் ஒரு முறை உண்டு. நான் ஓர் எழுத்தைச் சொன்னால் அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். திருப்பிச் சொல்லாமல் எழுதினால் பெட்டி மாறிப்போகும், பெட்டி மாறினால் கப்பலே மாறிப்போகும். நான் கூவிய காலத்தில் ஒரு பெட்டிகூட மாறியதில்லை. இதை யாரிடமும் சொல்ல நான் கூச்சப்பட்டதில்லை.

அந்த நாத்தனார் என் வீட்டுக்காரருக்குக் கடைசித் தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். தெருவில் நடந்தால் தலை நிமிர்ந்தே இருக்கும். எங்கள் இருவருக்கும் ஆகாது. வந்த இரண்டாம் மாதம் ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்க்க அவள்தான் விண்ணப்பம் நிரப்பினாள். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தித் தாளில் உருட்டிவிட்டாள். மாமியார் பக்கத்தில் இருந்தார், அதனால் வாயை மூடிக்கொண்டேன். அந்த மை நகக்கண்ணை விட்டுப் போக நாலு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு ஏழு வருடம் அவளிடம் சோறு போடட்டுமா, விளக்கை அணைக்கட்டுமா என்பதற்கு மேல் நான் பேசியதில்லை.

பட்டப்படிப்பு முடிந்ததும் ராயபுரத்தில், மாதா கோயில் பக்கத்து மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் அங்கே வந்து பரீட்சை வைத்து ஆள் எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்த்துவிடுவதென்று மாமியார் தீர்மானமாக இருந்தார். அவளுக்கு இடது கண்ணில் பிறந்ததிலிருந்தே வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் அத்தனையும் படித்தாள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்தக் கண்ணுக்குள் விழித்திரை கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், உள்ளே ஒரு காற்றுக் குமிழி வைத்திருப்பதாகவும், தலை குனிந்தே இருந்தால்தான் அது திரையைத் தாங்கிப் பிடிக்கும் என்றும் சொன்னார். மூன்று வாரம் நிமிரக் கூடாது, அதுவரை அந்தக் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. தூங்குவதும் குப்புறத்தான். பார்வை வருமா என்று கேட்டதற்கு, "நிமிர்ந்த பிறகு பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாள் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள். நாலாம் நாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது, தலையணைக்குள்ளிருந்தே பேசினாள்.

"அண்ணி, யார்டுல நம்பர் படிக்கிறியே, எனக்கு ஸ்கிரீனைப் பாத்துப் படிப்பியா?"

"எனக்கு இன்னா படிக்கத் தெரியும்? நான் கைநாட்டாச்சே."

அந்த வார்த்தையை ஏழு வருடமாக வாயில் அடக்கி வைத்திருந்தேன். குப்புறக் கிடக்கிறவளிடம் சொல்லியிருக்க வேண்டாம்தான். அவள், "நீ கையெயுத்துப் போடுவேன்னு அன்னிக்கி எனக்குத் தெரியாது அண்ணி. கேட்டிருக்கணும். தப்புதான்" என்றாள். கஞ்சியை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து திரும்பியதும் முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றேன்.

பஸ்ஸில் என் தோளைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தபடி வந்தாள். மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாமே பண்ணுச்சு இந்தப் பொண்ணு? தலைய தொங்கப் போட்டுகினு வருது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. உன் கூடைல கீற மீனு இன்னிக்கிதா நேத்திதான்னு பாத்துகினு கீது" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. என் நாத்தனாரின் தோளும் குலுங்கியது.

சென்டரில் பாடம் நடத்தும் சார், வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காகத் தானே ஒரு புரோகிராம் எழுதி பிளாப்பியில் வைத்திருந்தார். மதியம் மெஷின் ஒன்று காலியாக இருக்கும், எங்களுக்கு அதைக் கொடுத்தார். நீலத் திரையில் வெள்ளை எழுத்து. ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாகப் பாடங்களின் பெயர். திறந்திருக்கும் எண்ணை அழுத்தினால் அந்தப் பாடம் வரும், பூஜ்யத்தை அழுத்தினால் மூடிக்கொள்ளும். பாடத்தின் முடிவில் கேள்வி இருக்கும். சரியாகச் சொன்னால்தான் அடுத்த எண் திறக்கும், தப்பாகச் சொன்னால் மறுபடி அதே பட்டியலுக்குத் தள்ளிவிடும். எட்டுக்குள் இருந்தது ஒரே விஷயம்தான்: எடுத்துக்கொண்ட வேலையைத் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்துப் புரோகிராம் எழுதுவது எப்படி. அவள் மேசையில் கைகளை மடித்து அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"நட்சத்திரம்" என்றேன். "நட்சத்திரம்" என்று திருப்பிச் சொன்னாள். "நட்சத்திரம்." "நட்சத்திரம்." இப்படியே இருபதோ முப்பதோ போனோம். அவள் குரலில் பொறுமை குறைந்துகொண்டே வந்தது.

"அண்ணி, இன்னும் எவ்ளோ கீது?"

"அந்தக் கோடி வரைக்கும் கீது. கீழயும் ஒரு வரிசை கீது."

"அய்யோ அண்ணி, அது அழகுக்குப் போட்ட பார்டர்!"

யார்டில் பெட்டிமேல் இருப்பதில் ஒன்றைக்கூட விடக் கூடாது. எது அழகுக்கு, எது கணக்குக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் நெற்றியை மேசையில் வைத்தபடியே சிரித்தாள், மேசை ஆடியது. எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்தேன். ஒரே வீட்டில் ஏழு வருடம் இருந்தும் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

பெட்டியில் இருப்பது பெரிய எழுத்து மட்டும், பாடத்திலோ எல்லாம் சின்ன எழுத்து. அவற்றையும் உருவம் சொல்லிச் சொல்லி மூன்று நாளில் பிடித்துவிட்டேன். நான் எழுத்தைச் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்லி மனதுக்குள் வார்த்தையாக்கிக்கொள்வாள். சார் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "ஜெபமாலை சொல்ற மாதிரியே இருக்கு" என்று சொல்லிப் போவார். இரண்டாம் பாடம்தான் எங்களைப் படுத்திவிட்டது. மூன்று தடவை தப்பாகச் சொல்லி மூன்று தடவை பட்டியலுக்குத் திரும்பினோம். கிளாஸ் என்று ஒன்று, ஆப்ஜெக்ட் என்று ஒன்று, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பிடிபடவில்லை. "எப்படி இருக்கணும்ங்கிறது ஒண்ணாம், அப்படி இருக்கிறது இன்னொண்ணாம். ஒரே பேஜாரு அண்ணி" என்று கையால் மேசையைத் தட்டினாள்.

"இதுல இன்னா பேஜாரு?" என்றேன். "இருபதடி பொட்டின்னா எங்க யார்டுல எல்லாருக்கும் தெரியும். இவ்ளோ நீளம், இவ்ளோ உயரம், ஒரு பக்கம் ரெட்டைக் கதவு. ஆனா சும்மா இருபதடி பொட்டின்னு சொன்னா கிரேன்காரன் எதைத் தூக்குவான்? நம்பர் போட்டு நிக்கிதே, அதைத்தான் தூக்க முடியும்."

அவள் மேசையைத் தட்டுவதை நிறுத்தினாள். "இன்னொரு தபா சொல்லு" என்றாள். சொன்னேன். நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். "கேள்விக்கு மூணாவது பதிலை அழுத்து" என்றாள். மூன்றாம் எண் திறந்தது. அதற்குப் பிறகு எந்தப் பாடம் வந்தாலும், "அண்ணி, இது உங்க யார்டுல எது?" என்றுதான் கேட்பாள். சீல் வைத்த பெட்டியைத் திறக்காமல் தாளைப் பார்த்து உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வதைச் சொன்னேன். எல்லாப் பெட்டியையும் போலவே இருந்து, கூடவே ஐஸ் மெஷினும் வைத்திருக்கும் பெட்டியைச் சொன்னேன். கிளாஸ் என்கிற ஐந்தெழுத்தை நான் எழுத்துக்கூட்டாமலே ஒரே மூச்சில் படிக்கத் தொடங்கியிருந்தேன். காலையில் பெருக்கும்போதே, மதியம் என்ன வருமோ என்று மனசு ஓடும்.

ஒரு பாவத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். மாடி ஏறுவதற்கு முன்னால் தினமும் கோயிலுக்குள் போய் முழங்கால் போட்டு அவள் கண்ணுக்காக வேண்டிக்கொள்வேன். உண்மையாகத்தான் வேண்டினேன். மூன்றாம் வாரம் ஏழு பாடம் முடிந்து, எட்டு மட்டும் பாக்கி இருந்தபோது, வேண்டுதலின் முடிவில் என் வாய் தானாக, "இன்னும் ஒரு வாரம் கழிச்சு" என்று சேர்த்துக்கொண்டது. மாதாவைப் பார்க்க முடியாமல் நானும் தலை குனிந்துதான் வெளியே வந்தேன். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை.

ஒரு வாரம் கேட்டேன், ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் டாக்டர் நிமிரச் சொன்னார். முதலில் மங்கலாக என் புடவையின் நிறம் தெரிந்ததாம், பிறகு என் முகம். "அண்ணி, உனக்கு நரை வந்துருச்சே" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான். மதியம் சென்டருக்குப் போனோம். என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கத்தில் எட்டாம் எண்ணை நோக்கி விரலை நீட்டினேன். அதற்குள் அவளே அழுத்திவிட்டாள். திரைக்கு வெகு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு படித்தாள். உதடு அசையவில்லை, சத்தம் இல்லை. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "முடிஞ்சிருச்சி அண்ணி" என்று பூஜ்யத்தை அழுத்தினாள்.

பரீட்சையில் அவள் பெயர்தான் முதலில் வந்தது. பெங்களூர் போனாள், அங்கிருந்து கடல் தாண்டிப் போனாள், அங்கேயே குடும்பமும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். கண் நன்றாக இருக்கிறது என்பாள், இப்போது புரோகிராமைக்கூட மெஷினே எழுதுகிறது என்பாள். எதைக் காட்டினாலும் படித்துச் சொல்லும் ஒரு போனை எனக்கு அனுப்பியிருக்கிறாள். எனக்கு அதோடு ஒத்துப்போகவில்லை. அது பாட்டுக்குப் படித்துக்கொண்டே போகிறது, எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டுமே என்று நிற்பதில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அந்த எட்டுல இன்னா இருந்துச்சு?"

"எந்த எட்டு அண்ணி?"

பின்னால் குழந்தைகள் சத்தம். "ஒண்ணுமில்ல, நீ போய் அதுங்களைப் பாரு" என்று வைத்துவிட்டேன்.

இன்று காலையும் ஒரு பெட்டி வந்து நின்றது, துருப்பிடித்த சிவப்பு. பால் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நாலு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா ஆயா, என் வண்டி நம்பரை நோட் பண்ணிகினு கீறியா? போலீசா நீ?"

"எய்தலப்பா. படிக்கிறேன்."

"சோக்காத்தான் படிக்கிற. யாருக்கு?"

ஆறு எண்ணையும் அதே நிறுத்தத்தோடு படித்து முடித்தேன். கட்டத்துக்குள் இருக்கும் கடைசி எண்ணுக்கு வாயைத் திறந்தபோது வரிசை நகர்ந்து லாரி கிளம்பிவிட்டது. அது இருந்த இடத்தில் கடல் தெரிந்தது. சொம்போடு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.